உப்புப் பார்க்கிற பார்த்தல்

இந்நேரத்தில் உன் ஃபோனை ஒலிக்க வைப்பதற்கு மன்னித்துக்கொள். பகலிலேயே எழுத நினைத்தேன். பகல் முழுக்கப் பாப்பா இடுப்பை விட்டு இறங்கவில்லை. இப்போது அவளும் தூங்கிவிட்டாள், வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கருகின மிளகாயின் நெடி மட்டும் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், பாப்பாவுக்குச் சுற்றிப் போட்டார். கை நிறையக் கல்லுப்பு, காய்ந்த மிளகாய், வாசல் மண். தலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் கொட்டியதும் வீடே இருமியது. திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது, நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்பதுதானே கணக்கு. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நெடி வருதுல்லத்தே? அப்ப ஒண்ணும் இல்லதானே?" என்றேன்.

"வருதுதான். வரவேண்டிய அம்புட்டு வரலையே" என்றார்.

நீ இருந்திருந்தால், "எந்த ரிசல்ட் வந்தாலும் ஜெயிக்கிற தியரிடி இது" என்று என் காதில் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்திருப்பாய். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. பாப்பாவுக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் ஊற்றுகிறவரும் அவர்தான். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகு அவர் சொன்ன வார்த்தையில்.

"நானாத்தா சொல்றேன்? ஒன் கூட்டாளிப் புள்ளயே எழுதிருக்குல்ல. பிஸிக்ஸ் படிச்ச புள்ள."

உன்னைத்தான் சொன்னார்.

உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே உன் படம். பட்டமளிப்பு அன்றைக்குப் பச்சைச் சுங்குடிச் சேலையில், கல்லூரி வேப்பமரத்தடியில், நான் எடுத்த படம். 'கண் திருஷ்டியை நிரூபித்தது குவாண்டம் அறிவியல்!' என்று தலைப்பு. அதற்குக் கீழே நீ எழுதிய வரிகள்: 'எலக்ட்ரானை யாரும் பார்க்காதவரை அது அலையைப் போல நடந்துகொள்கிறது. பார்த்தால் அதன் நடத்தையே மாறிவிடுகிறது. பார்ப்பது சும்மா இல்லை. பார்ப்பது, பார்க்கப்படுவதை மாற்றுகிறது.' முற்றுப்புள்ளி உள்பட உன்னுடையதுதான். அதற்கப்புறம் அவர்களுடையது: 'எலக்ட்ரானையே மாற்றும் பார்வை, உங்கள் பச்சைக் குழந்தையை என்ன செய்யும்?' கறுப்புக் கயிற்றில் கோத்த செம்புத் தகடு ஒன்றின் படம். அதற்குக் குவாண்டம் டாலர் என்று பெயராம். குழந்தையின் இடுப்பில் கட்டினால் பார்வையின் அதிர்வைச் சிதறடிக்குமாம். கடைசியில் ஒரு வரி: 'இந்த உண்மையை எழுதிய இளம் பெண் விஞ்ஞானி இன்று நம்மிடையே இல்லை. எந்தக் கண்ணோ அவரையும் கொண்டுபோனது.'

விஞ்ஞானி என்று போட்டதற்கே நீ சண்டைக்குப் போயிருப்பாய். "பிளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்குறவளுக்கு அம்புட்டுப் பெரிய பேரு எதுக்கு?" என்றிருப்பாய். அந்தக் கடைசி வரியை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது, சொல். உன்னைக் கண் கொண்டுபோகவில்லை. கொசு கொண்டுபோனது. டெங்கு என்று அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருந்தது. ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதை நர்ஸ் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொன்னார். நான் அங்கே நின்றேன். கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்று இருக்கும்போது, உன் சாவையும் விளம்பரமாக்கித் தகடு விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

நாம் இரண்டாம் வருடம் படிக்கும்போதுதானே அந்தத் தமிழ் விவாதக் குழுவைக் கண்டுபிடித்தோம்? சார்பியல், குவாண்டம் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர் பதில் எழுதலாம். ஒரு ஃபோன், இரண்டு தலை. திருப்பரங்குன்றம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் நீ தட்டச்சுவாய், நான் எழுத்துப்பிழை பார்ப்பேன். ஒருவர் கேட்டிருந்தார், நினைவிருக்கிறதா? இரட்டைப் பிள்ளைகளில் பெரியவன் ராக்கெட்டில் படு வேகமாகப் போய்த் திரும்பினால் சின்னவனைவிட இளையவனாக வருவானாமே, அப்புறம் யார் யாரை அண்ணே என்று கூப்பிடுவது? "மாப்ள, மொதல்ல டிக்கெட்ட எடு, அப்புறம் மொற பாக்கலாம்" என்று ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்திதான் உட்கார்ந்து பதில் எழுதினாய். 'அண்ணன் என்பது பிறந்த வரிசை, அது மாறாது. ஒவ்வொருவருக்கும் கடிகாரம் எவ்வளவு ஓடியது என்பதுதான் மாறுகிறது. ஆகவே நரைத்த தம்பி நரைக்காத அண்ணனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும்.' நான் சிரித்தபோது முறைத்தாய். "கேலிக் கேள்வின்னு ஒண்ணு கெடையாதுடி. கேலிப் பதில்தான் உண்டு."

எந்த உவமை சொன்னாலும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பாய். 'உவமை நொண்டும் இடம்' என்று போட்டு, அந்த உவமை எதுவரை சரி, எங்கே தப்பாகிவிடும் என்று எழுதுவாய். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவாய். அங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உன் பதில்களை நான் நம்பியதே அந்த வரியினால்தான்.

இப்போது இந்தத் தகடு விற்கிற கும்பல் கையில் சிக்கியிருக்கும் பதில் உங்கள் வீட்டு அடுப்படியில் பிறந்தது. உன் அம்மாவுக்கு அன்றைக்கு விரதம். ரசத்தை இறக்கிவைத்துவிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் விட்டு, "உப்புப் பாரும்மா" என்றார். நக்கிவிட்டு "சரியா இருக்கும்மா" என்றேன். நீ கதவில் சாய்ந்து ஃபோனோடு நின்றுகொண்டிருந்தாய்.

"இப்ப நீ என்னடி பாத்த?"

"உப்பு."

"கண்ணாலயா?"

"போடி லூசு."

"இல்லடி, நெசமாக் கேக்குறேன். வீட்டுல சௌராஷ்டிரம் பேசிட்டுத் தமிழுக்கு வர்ற எங்களுக்குத்தான் இதெல்லாம் உறுத்தும். உப்புப் பாக்குறீங்க. காய்ச்சல் பாக்குறீங்க. நாடி பாக்குறீங்க. செருப்பப் போட்டுப் பாக்குறீங்க. இதுல எதுலயாவது கண்ணுக்கு வேல இருக்கா?"

அம்மா உங்கள் பாஷையில் ஏதோ சொல்ல, நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். என்னவென்று கேட்டேன். "உப்பு சரியா இருக்குன்னு அவ சொல்லிட்டால்ல, நீ வாய மூடிட்டு எலையப் போடுன்னு சொல்றாங்க" என்றாய். இலையைப் போடவில்லை. அங்கேயே நின்று பதிலை எழுதி முடித்தாய். அந்தக் கும்பல் எடுத்துப் போட்ட வரிகளுக்கு அடுத்ததாக நீ எழுதியது இது. எனக்கு மனப்பாடம்.

'இங்கே பார்த்தல் என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. உப்புப் பார்க்கிற பார்த்தல். பானையிலிருந்து ஒரு சொட்டாவது எடுக்காமல் உப்புப் பார்க்க முடியாது. எதிரே இருக்கும் இரண்டு துளைகளில் எலக்ட்ரான் எந்தத் துளை வழியாகப் போனது என்று அறிய வேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைத் தொட்டாக வேண்டும். அறையில் ஆளே இல்லாவிட்டாலும், கருவி தொட்டால் திரையில் விழும் அலைக்கோலம் அழிந்துவிடும். எதுவும் தொடாதவரை, ஊரே கூடி நின்று முறைத்தாலும் அழியாது. உவமை நொண்டும் இடம்: ரசத்தில் உப்பு நாம் பார்ப்பதற்கு முன்பே இருக்கிறது. எலக்ட்ரான் பார்ப்பதற்கு முன்பு எந்தத் துளையில் இருந்தது என்று கேட்பதற்கே பொருள் உண்டா என்பதில் பெரியவர்களுக்குள் சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கும் தெரியாது.'

ஊரே கூடி முறைத்தாலும் அழியாது என்று எழுதியவளின் படத்தைப் போட்டுத்தான் ஊர்க்கண்ணுக்குத் தகடு விற்கிறார்கள்.

இந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றாலே எனக்கு உன் கட்டில்தான் ஞாபகம் வரும் என்பது உனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அத்தை வாசலை மறித்தார்.

"அந்தக் கூட்டத்துலயா புள்ளயக் கொண்டு போகப் போற? ஊருக் கண்ணு பூராம் அங்கதான் உக்காந்திருக்கும். டாலருக்குச் சொல்லிருக்கேன், நாளைக்கி வந்துரும். கட்டிட்டுப் போத்தா."

அவர், என் வீட்டுக்காரர், அவனியாபுரம் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். இரும்பில் மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஒரு நாள் பாப்போமே" என்றார்.

"எத வச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

இந்த வீட்டில் நான் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துக் குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "காய்ச்சல் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் டாக்டர், ஒடம்பு கொதிக்குது."

"தொட்டு இல்லம்மா. வச்சுப் பாத்தீங்களா?"

அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காதில் சீழ் பிடித்திருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார். இன்று மத்தியானத்தோடு சூடு இறங்கிவிட்டது. இறங்கிய பிறகு வந்த டாலரை அத்தை கட்டவும் கட்டிவிட்டார், சுற்றியும் போட்டுவிட்டார். இனி அந்தப் பெருமை யாருக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அந்தப் படத்தை நானே திறந்து நிதானமாகப் படித்தபோது வேறொன்றும் விளங்கியது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாப்பாவைக் காட்டலாம் என்று போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போது அம்மாவின் குரல் கேட்டது. உள்ளே போனதும் அடுப்படிக் கதவு சாத்திக்கொண்டது. உன் அப்பாதான் வந்து உட்கார்ந்தார். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. ஃபோன்ல என்னத்தையோ படிச்சதுல இருந்து இப்பிடித்தான் இருக்கா. கைக்கொழந்த யாரு வந்தாலும் உள்ள போயிர்றா. 'என் கண்ணு ஆகாது. நான் பாத்துப் பாத்துத்தான் என் புள்ள போயிருச்சு'ங்கிறா."

அன்றைக்கு அது துக்கத்தில் பேசுகிற பேச்சு என்றுதான் நினைத்தேன். ஃபோனில் படித்தது எது என்று இப்போது தெரிகிறது. 'எந்தக் கண்ணோ' என்று அவர்கள் போகிற போக்கில் எழுதியதை, பெற்றவள் தன் கண் என்று படித்திருக்கிறாள். உன் வார்த்தையை வைத்தே உன் அம்மாவைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள்.

அத்தையும் என்னிடம் இதைத்தானே சொல்கிறார்? "தூங்குற புள்ளய அப்பிடிப் பாக்காதத்தா. பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்." உண்மையைச் சொல்கிறேன், இந்த இரண்டு மூன்று நாளாகத் தொட்டில் பக்கம் போனால் என் கண் தானாக வேறு பக்கம் திரும்புகிறது. சமன்பாடு எல்லாம் படித்தவள் நான். பயம் சமன்பாட்டைக் கேட்பதில்லை.

அதனால்தான் நம் விவாதக் குழுவுக்குப் போனேன். உன் முழுப் பதிலை எடுத்து, உறவுக்காரர்களின் குழுவில் எல்லோர் முகத்திலும் வீசலாம் என்ற வேகத்தில் போனேன். அங்கே இருந்ததும் பாதிதான். 'பார்க்கப்படுவதை மாற்றுகிறது' என்பதோடு நின்றிருந்தது. டாலர்க்காரர்கள் வெட்டவில்லை. வெட்டியே கிடந்ததை எடுத்திருக்கிறார்கள். நிர்வாகியைக் கேட்டேன். பண்பான மனிதர், ஏதோ வெளிநாட்டில் இருக்கிறார்.

"அண்ணே, அது பாதிப் பதில். மிச்சத்தத் திரும்பப் போடுங்க."

"நீளமான பழைய பதில்களை எல்லாம் சுருக்கினோம் தங்கச்சி. யாரும் முழுசாப் படிக்கிறதில்ல."

"இது சுருக்குனது இல்லண்ணே, கழுத்துல வெட்டுனது. அத வச்சுக் கொழந்தைங்களுக்குத் தகடு விக்கிறாங்க."

"புரியுது. ஆனா பழைய வடிவம் திரும்ப வரணும்னா எழுதினவங்க கணக்குல இருந்துதான் ஒப்புதல் வரணும். அவங்களுக்கு அறிவிப்புப் போயிருக்கு. பதில் போடச் சொல்லுங்க."

"அவ எறந்துட்டாண்ணே."

தட்டச்சுகிறார், நிறுத்துகிறார், தட்டச்சுகிறார் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது: "ஆழ்ந்த இரங்கல். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வெட்டும்போது யாரிடம் ஒப்புதல் கேட்டார்கள்? வெட்டுவதற்கு நீ செத்தவள். ஒட்டுவதற்கு மட்டும் உயிரோடு வர வேண்டியவள். பெட்டிக்குள் உயிரோடும் செத்தும் இருக்கும் அந்தப் பூனைக் கதையைச் சொன்னாலே உனக்கு எரிச்சல் வரும். கடைசியில் உன்னையே அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் விடாமல் எழுதியதும் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவன், "அக்கா, மாமியார் சண்டையை இங்க கொண்டுவராதீங்க" என்று போட்டான். அதற்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. நீ அத்தனை இரவும் பகலும் பதில் எழுதிய இடம் அது. உனக்காக ஒரு ஆள் வாய் திறக்கவில்லை.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ போன பிறகும் நான் உனக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. பாப்பா பிறந்ததை எழுதினேன், படம் அனுப்பினேன். ஒரு நாள் அந்த இரண்டு டிக்கும் நீலமானது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். அந்த ஃபோனுக்கு யாரோ சார்ஜ் போடுகிறார்கள். யாரோ ஒவ்வொன்றையும் திறந்து படிக்கிறார்கள். அது யார் என்று தெரிந்தும், நான் உன்னிடமே பேசுவதுபோல எழுதிக்கொண்டு வந்தேன்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பழக்கம்தான். எதையும் சொல்லி முடித்ததும் அது எங்கே நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மடல் நொண்டும் இடம் இதோ. நீ இதைப் படிக்கப் போவதில்லை.

அம்மா, நீங்கள்தான் படிக்கிறீர்கள்.

உங்கள் கையிலிருந்து ரசத்தை வாங்கி நக்கிவிட்டு உப்புச் சரியாக இருக்கிறது என்றவள் நான். அவள் எழுதிய முழுப் பதிலையும் மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படியுங்கள். அதில் வருகிற பார்த்தல் நீங்கள் எனக்குச் சொன்ன பார்த்தல். கண்ணைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதும், கண்ணால் ஒன்றும் ஆகாது என்றுதான். ஆஸ்பத்திரியில் நீங்கள் இமைகூட மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். பார்வைக்கு அந்தச் சக்தி இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் அம்மா.

அவள் ஃபோனில் அந்தக் குழுவைத் திறந்தால் மேலே மணி போல ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால், 'உங்கள் பதில் மாற்றப்பட்டுள்ளது, பழையதைத் திரும்பக் கொண்டுவரவா?' என்று கேட்கும். 'ஆம்' என்பதைத் தொடுங்கள். அது போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தொட வரவில்லையென்றால் சொல்லுங்கள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே வாரேன். கதவைச் சாத்தாதீர்கள். அவளை நீங்கள் கண் நிறையப் பார்க்க வேண்டும். நானும் இப்போது போய்ப் பார்க்கப் போகிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள் அம்மா.